திரும்பி வராத டப்பாக்கள்

அத்தியாயம் ஒன்பது

ஒரு வாரமாக அந்த வீட்டில் தேநீர் கசப்பாகவே குடிக்கப்பட்டது.

யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. மிட்டாய்க்காரி சர்க்கரை டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் பழைய குடைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அதை மறுபடி கீழே இறக்கும் துணிச்சல் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை.

போன வாரம் வந்த அந்தத் தொலைபேசி அழைப்பை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிட்டாய்க்காரியின் கணவரைத் தெரு முழுவதும் 'லிஃப்ட்காரர்' என்றே அழைக்கும். உயரமான கட்டடங்களின் மின்தூக்கிகளைப் பழுது பார்ப்பவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் குடலில் புற்று வந்து, அறுவையையும் அதன் பின் மாதக்கணக்கில் ஏறிய மருந்தையும் தாண்டி எழுந்து நின்ற மனிதர். புற்று திரும்பி வரவில்லை. ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக் கோட்டில் வந்து நின்றது. "இன்னும் கொஞ்சம் நகர்ந்தா நீரிழிவுதான். வியாழக்கிழமை நேர்ல வாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மிட்டாய்க்காரி சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது லிஃப்ட்காரர் சிகரெட்டை விட்டார். விட்டவருக்கு வாயும் சும்மா இருக்கவில்லை, கையும் சும்மா இருக்கவில்லை. பென்சிலைக் கடித்தார், சட்டைப் பொத்தானைத் திருகினார், நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டினார். பார்க்கப் பொறுக்காமல் அவள் இஞ்சியையும் எலுமிச்சையையும் பாகில் சேர்த்துக் கெட்டி மிட்டாய் செய்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அது பக்கத்து வீட்டுக்குப் போனது, அங்கிருந்து அடுத்த தெருவுக்குப் போனது, பிறகு வீட்டின் முன்னறையே கடையானது. டப்பாவின் மேல் ஓர் எலுமிச்சைத் துண்டின் படம் வந்தது. வாங்க வருபவர்களிடமெல்லாம், தராசின் முள்ளைப் பார்த்தபடியே, அவள் ஒரே கதையைத்தான் சொல்வாள்: "எங்க வீட்டுக்காரரை சிகரெட்டுலேர்ந்து மீட்ட மிட்டாய் இது."

ஆகவே அன்று தரையில் உட்கார்ந்து, "என் கையாலேயே ஊட்டி ஊட்டி இந்த வியாதியையும் நானே கொண்டுவந்துட்டேனே" என்று அவள் அழுததில் வியப்பில்லை. லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்து அமர்ந்து அவளுடைய முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை அவள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். மறுநாளே அடுப்பை அணைத்தாள். கடையையும் பாகு காய்ச்சும் செப்பு வாணலியையும் நாத்தனாரிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுத்தாள்.

அந்த வியாழக்கிழமை இன்று விடிந்தது.

*

நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டாள். துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றபடியே சேலை விரித்துக் காட்டுகிறவள். உட்கார ஓரிடம் கிடைத்தால் முதலில் செருப்பைக் கழற்றிக் கால்விரல்களைத் தேய்த்துக்கொள்வாள். இன்று உட்காரவும் இல்லை, செருப்பைக் கழற்றவும் இல்லை. கடையின் நடுவில் நின்று வாணலியையே பார்த்தாள்.

"எடுத்துப் பாரேன், உன்னோடதுதானே இனிமே" என்றாள் மிட்டாய்க்காரி.

"இவ்வளவு கனமா! இதைத் தூக்கித் தூக்கித்தான் அண்ணி உங்க கை இப்படி ஆயிடுச்சு. அண்ணன் உங்களை எதிர்த்துப் பேசாத ரகசியம் இப்பதான் புரியுது."

"பேச்சை விடு, பாகைக் கவனி. ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணில விடணும். 'டிக்'னு ஒரு சத்தம் கேக்கும். கேட்டதும் இறக்கிடணும். கண்ணால பார்த்து இறக்குனா கெட்டுப்போகும். காதால கேட்டுத்தான் இறக்கணும்."

"அந்த நேரம் பார்த்து யாராவது வந்து கால் கிலோ குடுங்கன்னு கேட்டா?"

"கேட்டவங்க நிக்கட்டும். பாகு நிக்காது."

நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. வாணலியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நல்லா யோசிச்சுட்டீங்களா அண்ணி?" என்றாள்.

"யோசிக்க என்ன இருக்கு? இனிமே இதைத் தொட எனக்கு மனசு வராது."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் என்ன சொல்லுவாரு? உனக்குத் தெரியாதா அவரை? உன் இஷ்டம்னு சொல்லிட்டாரு."

"இல்ல… வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று நாத்தனார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இன்னிக்கு முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன், நாளையிலேர்ந்து வரலைன்னு. சாயங்காலம் வந்து வாணலியை எடுத்துக்கறேன்."

போகும்போது வாசற்படியில் ஒரு கணம் தயங்கித் திரும்பிப் பார்த்தாள். கடையை விட்டுக்கொடுப்பவளைப் பார்த்துக் கடையை வாங்குபவளுக்கு வரும் சங்கடம் அது என்று மிட்டாய்க்காரி நினைத்துக்கொண்டாள்.

அலமாரியில் மிச்சமிருந்த காலி டப்பாக்களை அவள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். எப்போதும் போலச் சில குறைந்தன. லிஃப்ட்காரர் வேலைக்கு எடுத்துப் போகும் டப்பாக்களில் பாதிதான் வீடு திரும்பும். கேட்டால், "டார்ச் எடுத்துக்கிட்டான்" என்பார். டார்ச் என்பது அவருடன் வேலை செய்யும் ஆளின் பட்டப்பெயர். பட்டப்பகலிலும் கையில் டார்ச் விளக்கோடு திரிவதால் வந்தது. 'அந்த மனுஷனுக்கும் சர்க்கரை வந்திருக்குமோ' என்று அவளுக்குப் புதிதாக ஒரு கவலை முளைத்தது.

*

மதியத்துக்கு மேல் அவர் அழைத்தார். "ஒரு லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு, நான் அதுக்குக் கீழ அடிக்குழியில இருக்கேன். வீட்டுக்கு வந்துட்டுப் போனா நேரமாயிடும். நீ இங்க வந்துடு, இப்படியே டாக்டர்கிட்ட போயிடலாம்."

கட்டடம் மிகப் பெரியது. வாசலில் காய்ந்த புல்தரை, வரிசையாகத் தபால் பெட்டிகள், துடைத்துத் துடைத்தே மங்கிப்போன கண்ணாடிக் கதவு. ஒரு மின்தூக்கியின் முன்னால் தடுப்புப் பலகை வைத்திருந்தார்கள். அதன் கீழிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. பக்கத்தில் குனிந்து நின்று, சூரிய வெளிச்சம் தாராளமாக விழும் இடத்தில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் டார்ச்.

"அண்ணி! வாங்க வாங்க. அண்ணன் கிணத்துக்குள்ள இருக்காரு. கூப்பிட்டா மேல வரமாட்டாரு, தூர் வாரிட்டுத்தான் வருவாரு."

"உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கா?" என்று அவள் அக்கறையாகக் கேட்டாள். "மிட்டாயைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

"மிட்டாயா? எனக்குப் பல்லு ஆடுது அண்ணி. நான் எங்க கடிக்கிறது அதை!" என்று பொக்கைச் சிரிப்புச் சிரித்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார். "இங்க ஏன் நிக்கறீங்க, வெயில். அந்த லிஃப்ட்ல மேல போங்க. மொட்டை மாடியில மெஷின் ரூம் இருக்கு, ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. அண்ணன் சட்டையும் அங்கதான் மாட்டியிருக்கு."

மனிதர் நல்ல மனத்தோடு கொடுத்தார். எந்தச் சாவியைக் கொடுக்கிறோம் என்று யோசித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

ஓடிக்கொண்டிருந்த மின்தூக்கியில் அவளோடு ஒரு பெண்மணி ஏறினாள். கை நிறையக் காய்கறி. மிட்டாய்க்காரியின் துணிப்பையில் அச்சிட்டிருந்த எலுமிச்சைத் துண்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இந்த மிட்டாய் நீங்க செய்யறதா? லிஃப்ட்காரர் வீட்டம்மாவா நீங்க?"

"ஆமாங்க."

"அடடா! எங்க கட்டடத்துல இதைச் சாப்பிடாத ஆளே இல்ல. என் மாமனார் இதுக்காகவே தினம் நாலு தடவை மேலயும் கீழயும் போயிட்டு வராரு. டப்பாவைத் திறந்து வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கொடுப்பாரு உங்க வீட்டுக்காரர். அவ்வளவு தாராளம்! தனக்குன்னு ஒண்ணு எடுத்துக்கிட்டு நான் பார்த்ததில்ல."

மிட்டாய்க்காரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தன் கைப்பண்டத்தை யாரோ புகழ்ந்து கேட்டு ஒரு வாரமாகிவிட்டது. அந்தப் பெண்மணி இறங்கி, கதவு மூடி, தான் மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கடைசி வாக்கியம் மெல்ல வந்து அவள் மேல் இறங்கியது.

தனக்கென்று ஒன்றுகூட எடுத்துக்கொள்ளாதவருக்கு என் மிட்டாயால் எப்படிச் சர்க்கரை ஏறும்?

*

மெஷின் ரூம் என்பது மொட்டை மாடியின் ஓரத்தில் நின்ற தாழ்ந்த கூரையுள்ள அறை. உள்ளே இயந்திரத்துக்குப் போடும் மசகின் மணம். பெரிய சக்கரம் ஒன்று கம்பிவடத்தைச் சுமந்துகொண்டு சுழல்வதும் நிற்பதுமாக இருந்தது. ஆணியில் அவருடைய நல்ல சட்டை தொங்கியது.

சன்னல் விளிம்பில் அவளுடைய டப்பாக்கள் வரிசையாக இருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றில் திருகாணிகள், ஒன்றில் வளையங்கள். 'நான் வீட்டில் தேடித் தேடி அலுத்துப்போனேன், இவர் இங்கே இரும்புக்கடை வைத்திருக்கிறாரே' என்று நினைத்தபடியே மூன்றாவதைத் திறந்தாள்.

அதில் மணல் இருந்தது. மணலில், நாற்றுப் பாவியதுபோல், சிகரெட் துண்டுகள் நட்டிருந்தன. சில பழுத்து மஞ்சளாகியிருந்தன. ஒன்று புத்தம் புதிது. மூடியில் இருந்த எலுமிச்சைத் துண்டின் நடுவில், தீயை அழுத்தி அணைத்ததுபோல், ஒரு கறுப்பு வட்டம்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். டப்பா மடியில் இருந்தது.

முதலில் வந்தது கோபமில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் ஆறுதல். 'அப்போ நான் இல்லை.' ஒரு வாரமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனதுபோல் இருந்தது. அடுத்த மூச்சிலேயே அந்த ஆறுதலை நினைத்து வெட்கம் வந்தது. கட்டிய கணவர் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறார்; தன் மேல் பழி இல்லை என்று மகிழ்வதா?

அதற்கும் பிறகுதான், எல்லாவற்றுக்கும் பின்னால் மெதுவாக நடந்து வந்து, அந்த நினைவு அவள் எதிரில் நின்றது. அன்று சமையலறைத் தரையில் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாரே.

சக்கரம் சுழன்றது. யாரோ மேலே வந்துகொண்டிருந்தார்கள்.

லிஃப்ட்காரர் கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"டார்ச் சாவி கொடுத்தானா?"

"நல்ல மனசு அவருக்கு. வெயில்ல நிக்க வேணாம்னாரு."

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது டார்ச்சோடதுன்னு சொல்லிடலாமான்னு யோசிக்கறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"யோசிச்சேன்" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தரையில், அவளுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவரைவிட உயரமான இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பது இருவருக்குமே புதிதாக இருந்தது.

"ஆரம்பத்துலேர்ந்தேவா?"

"இல்ல. முதல் ஒரு வருஷம் சத்தியமா இல்ல. உன் மிட்டாய்தான். நாக்கெல்லாம் தோலுரிஞ்சு போச்சு, நீயே பார்த்தியே."

"அப்புறம்?"

"இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்னு சொன்னாங்களே, அன்னிக்கு."

"நல்ல செய்தி சொன்ன அன்னிக்கா?"

"ஆமா." அவர் கந்தலை மடித்தார், விரித்தார். "அதுவரைக்கும் ஊசி, மாத்திரை, ஸ்கேன்னு யாராவது ஏதாவது செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. அன்னிக்கு எல்லாரும் கை குலுக்கி அனுப்பிட்டாங்க. நீ மருந்துக் கடைக்குள்ள போயிட்ட. நான் வெளிய நிக்கறேன். பயத்தை மட்டும் என் கையில கொடுத்துட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்ட மாதிரி இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு தெரியல."

"என்கிட்ட கொடுத்திருக்கலாமே."

"நீ அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்த தெரியுமா? கடைக்குப் பலகை எழுதக் கொடுக்கணும்னு வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்த. 'மீட்ட மிட்டாய்'னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவ. அப்புறம் நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றவர் தயங்கி, "புத்து வந்தது குடல்ல, புகை போறது நெஞ்சுக்கு, ரெண்டுக்கும் சம்பந்தமில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றார்.

"சிகரெட் விஷயம் இருக்கட்டும். அதை டாக்டர் பார்த்துப்பாங்க. அன்னிக்கு நான் தரையில கிடந்து அழுதேனே, நான்தான் உங்களுக்கு வியாதி கொடுத்தேன்னு. பக்கத்துல உட்கார்ந்துதானே இருந்தீங்க?"

"வாய் வரைக்கும் வந்துச்சும்மா."

"வாய்ல வேற ஒண்ணு இருந்திருக்கும். இடம் பத்தியிருக்காது."

அவர் சிரிக்க வாயெடுத்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் உதடு தானாக மூடிக்கொண்டது. கண் கலங்கியது. அதைத் துடைக்கப்போய்க் கன்னத்தில் மசகைப் பூசிக்கொண்டார்.

மிட்டாய்க்காரி எழுந்து, ஆணியிலிருந்த சட்டையை எடுத்து நீட்டினாள். "முகத்தைக் கழுவுங்க. நேரமாச்சு."

கீழே இறங்கும்போது நடுவில் ஒரு முதியவர் ஏறினார். ஏறியவர் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை நீட்டினார். லிஃப்ட்காரர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு கொடுங்க" என்றாள் அவள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு தன் பண்டத்தைத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். இஞ்சி முதலில் வந்தது, எலுமிச்சை பின்னால் வந்தது, கடித்தபோது சுத்தமாக முறிந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இதைச் செய்த கை தன்னுடையது என்பது, யாரோ சொல்லிக் கேட்டதுபோல், அவளுக்கு மறுபடி தெரிந்தது.

*

மருத்துவர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருவருக்கும் நடுவில் துணிப்பை உட்கார்ந்திருந்தது. அவள் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தாள்: தானாக எதுவும் சொல்வதில்லை. காட்டிக்கொடுப்பது எளிது, அதன் பிறகு ஆயுள் முழுவதும் காவல்காரியாக இருக்க வேண்டும். அந்த வேலை அவளுக்கு வேண்டாம்.

டாக்டர் அவளைவிட இளையவர். சிகிச்சை நாளிலிருந்தே இவர்களைத் தெரிந்தவர். காகிதங்களைப் புரட்டியபடி வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். தூக்கம் எப்படி, நடக்கிறீர்களா, கால் எரிச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா.

"இனிப்பு?"

"சாப்பிடறதில்ல" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் நிமிர்ந்தார். "மிட்டாய்க் கடைக்காரர் பேசற பேச்சா இது?"

"நிஜமாத்தான். ரொம்ப நாளாச்சு."

"சரி. புகை? போன தடவை 'விட்டாச்சு'ன்னு எழுதியிருக்கேன். அப்படியே வச்சுக்கலாமா?"

பேனா காகிதத்தின் மேல் நின்றது. மிட்டாய்க்காரி சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அதன் கீழே சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு படம் போலிருந்ததைப் பார்த்தாள். கணவரைப் பார்க்கவில்லை. அவர் தன் பக்கம் திரும்புவது மட்டும் தெரிந்தது.

"வேண்டாம், மாத்தி எழுதுங்க" என்றார் லிஃப்ட்காரர். "தினமும் பிடிக்கிறேன்."

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். "இப்போ சொன்னீங்களே, இதுதான் இன்னிக்கு நீங்க கொடுத்த நல்ல ரிப்போர்ட்" என்றவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"புத்துநோய்லேர்ந்து மீண்டவங்களுக்குப் பொதுவாவே சர்க்கரை வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஏத்துன மருந்து ஒரு காரணமா இருக்கலாம், படுத்தே கிடந்ததுல உடம்பு தளர்ந்தது, அப்புறம் எடை ஏறினது, இப்படிப் பல இருக்கு. அதுக்கு மேல புகையும் சேர்ந்தா வாய்ப்பு இன்னும் ஏறும். புகை நெஞ்சோட நின்னுடாது. ரத்தத்துல கலந்து உடம்பு பூரா சுத்தி வரும். சர்க்கரையைக் கட்டுப்படுத்தற இன்சுலின் இருக்கே, அது சொல்ற பேச்சை உடம்பு கேக்க விடாமப் பண்ணும். குடலுக்கும் அது நல்லதில்ல. உங்களுக்குப் புகை ரெண்டு பக்கமும் எதிரி."

"மிட்டாயால வந்ததில்லையா டாக்டர்?" கேள்வி மிட்டாய்க்காரியிடமிருந்து வந்தது. பதில் தெரிந்தும் ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"மிட்டாய் நல்லதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாதும்மா. ஆனா சாப்பிடாத மிட்டாய் யாரையும் ஒண்ணும் பண்ணாது."

பிறகு அவர்கள் புகையை விடுவது பற்றிப் பேசினார்கள். முதல் சில மாதங்கள் எடை ஏறலாம், அதற்குப் பயந்து மறுபடி பற்றவைக்க வேண்டாம் என்றார் டாக்டர். விடுவதற்கு மருந்து இருக்கிறது, பேசித் துணை நிற்க ஆள் இருக்கிறார்கள், நடக்க வேண்டும், மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எல்லைக் கோட்டில் நிற்பவர் திரும்பி வரவும் முடியும் என்றார்.

"பயம் வந்தா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். ஒரு குழந்தை கேட்பதுபோல் கேட்டார்.

"வரும். வந்தா இங்க போன் பண்ணுங்க. அதுக்கும் சேர்த்துத்தான் நான் இருக்கேன்."

*

வீட்டுக்குப் போகும் பேருந்தில் சன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். நிறுத்தம் நெருங்கும்போது அவள் வாயைத் திறந்தாள்.

"கடையை நான் விடப்போறதில்ல."

"நானும் அதைத்தான் சொல்லணும்னு…"

"நீங்க சொல்லணும். என்கிட்ட இல்ல, உங்க தங்கச்சிகிட்ட. எதனால கொடுக்கறேன்னு சொன்னேன், எதனால கொடுக்கலைன்னு யார் சொல்லறது? என் வாயால சொன்னா, ஆசை காட்டிட்டுப் பிடுங்கிக்கிட்ட அண்ணி ஆயிடுவேன். நீங்களே சொல்லுங்க."

அவர் முகம் வாடியது. டாக்டரிடம் சொல்வது வேறு. ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த நாளெல்லாம், துணிக்கடையில் விடுப்புப் போட்டுவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பாய் விரித்துப் படுத்தவள் தங்கை. 'இனிமே அந்தக் கருமத்தைத் தொட்டா என் முகத்துல முழிக்காதே அண்ணா' என்று சொல்லிச் சிகரெட் பெட்டியைக் கசக்கி எறிந்தவளும் அவளே.

கடைக்கதவு திறந்திருந்தது. நாத்தனார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் செப்பு வாணலி. உப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்திருந்தாள். விளக்கொளியில் அது புதிதாகப் பிறந்ததுபோல் மின்னியது.

"வந்துட்டீங்களா! சொல்லிட்டேன் அண்ணி, முதலாளிகிட்ட சொல்லிட்டேன்! மனுஷன் மூஞ்சியைப் பார்க்கணுமே, விலைச்சீட்டு விழுந்துபோன சேலை மாதிரி ஆயிடுச்சு" என்று உற்சாகமாகத் தொடங்கியவள், இருவர் முகத்தையும் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

மிட்டாய்க்காரி கணவரைப் பார்த்தாள்.

லிஃப்ட்காரர் கல்லாவின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "மிட்டாய் இல்லையாம்" என்றார். "உங்க அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. நான் அதைச் சாப்பிட்டே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் மறுபடி…"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

நாத்தனார் தலை நிமிரவில்லை. வாணலியின் ஒரே இடத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அழுக்கு எதுவும் இல்லை.

"தெரியும் அண்ணா" என்றாள்.

மிட்டாய்க்காரிக்குக் காலையின் கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நல்லா யோசிச்சுட்டீங்களா அண்ணி. அண்ணன் ஒண்ணும் சொல்லலையா. வேற ஒண்ணும் சொல்லலையா. வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று அவள் அமைதியாகக் கேட்டாள்.

நாத்தனாரின் கண்களில் நீர் திரண்டது. வெறுங்காலின் விரல்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. நாளை முதல் நிற்க வேண்டியதில்லை என்று அந்தக் கால்களுக்கு இன்றுதான் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மிட்டாய்க்காரி குனிந்து வாணலியின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதில் நாத்தனாரின் கை இருந்தது.

இருவரும் இழுக்கவில்லை. இருவரும் விடவும் இல்லை.